மாவு தள்ளும் இடம்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: சிவபாக்கியமாகிய நான். மகன் சேதுராமன். மருமகள் மங்கையர்க்கரசி. பேத்தி அருணா. சென்னையில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியிலிருந்து வந்த நிறைமதி, வயது முப்பது இருக்கும், தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். அவளோடு ஆர்மோனியம் வாசிக்க வந்த அந்தோணி, திருச்சிக்காரர், மாதா கோயிலில் வாசிக்கிறவர், முன்வழுக்கை. சுவரில் மாலையோடு அவர்.

எல்லோர் பெயரையும் எழுதிவிட்டேன், அவர் பெயரைத் தவிர. கழுத்து நீட்டின நாள் முதல் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால் சேது சொல்வான். அவர் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது, மொட்டை போடுகிற மலை, பஞ்சாமிர்தம் விற்கிற ஊர். அதையும் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறினால் “மலைக்கு ஒண்ணு” என்பேன். கண்டக்டர்கள் புரிந்துகொள்வார்கள்.

வருகிற மாதம் இருபத்து மூன்றாம் தேதி அவருக்கு நூறு வயது. அன்றைக்கு இந்தப் புதுக்கோட்டையிலேயே அவருடைய ‘நீலவேணி’ நாடகத்தை மறுபடி போடப் போகிறார்களாம். பன்னிரண்டு பாட்டு. யாரோ ஒரு ரசிகர் எழுபத்தைந்தாம் வருஷம் அவரை வாசிக்கச் சொல்லி டேப்பில் எடுத்து வைத்திருந்தாராம். அதில் பதினொன்று இருக்கிறது. ஏழாவது இல்லை. பாட்டுப் புஸ்தகத்தில் வார்த்தை இருக்கிறது, தலைப்பில் ‘புது மெட்டு’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. புது மெட்டென்றால் என்ன மெட்டு என்று யார் சொல்வது?

“ஏழாவது பாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கா பாட்டி?” என்று நிறைமதி கேட்டாள்.

“மறந்துபோச்சு” என்றேன்.

மங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என் பித்தளைச் செம்பை நெளித்தது எந்த வருஷம், எந்தக் கிழமை, அப்போது அடுப்பில் என்ன கொதித்தது என்பதுவரை நான் சொல்லுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பெண் இந்த நோட்டைக் கொடுத்தாள். “வாத்தியாரைப் பத்தி என்ன தோணுதோ தேதி போட்டு எழுதுங்க பாட்டி. பேசுற மாதிரியே எழுதினாப் போதும்.”

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பாட்டுப் புஸ்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகின தமிழ் என்னுடையது. எழுத உட்கார்ந்தால் அதுதான் வருகிறது.

ஜனவரி 20, திங்கள்

அவரைப் பற்றிக் கேட்டாளே, எழுதுகிறேன்.

ஒன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். தொண்டை உடைந்ததும் பாட்டுப் போய்விட்டது. மற்றவர்கள் என்றால் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டார். காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி. இருபத்திரண்டு வயதில் கம்பெனிக்கு வாத்தியார். மொத்தம் பதினான்கு நாடகத்துக்கு இசை. முதல் ஏழும் என்னைக் கட்டுவதற்கு முன்னால், பின் ஏழும் கட்டின பிறகு. முன் ஏழை இப்போது யாரும் பாடுவதில்லை. பின் ஏழைத்தான் பாடுகிறார்கள். ‘மெட்டு மன்னர்’ என்று பட்டம் கொடுத்ததும் அதற்குத்தான்.

என்னைக் கட்டும்போது எனக்குப் பதினாறு, அவருக்கு முப்பத்து நான்கு. கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டாலும் மூன்று மாதம் இருக்கும். இருபத்து மூன்று பேருக்குச் சமையல் என் பொறுப்பு. தினம் நான்கு படி அரிசி ஆட்டவேண்டும். ஆட்டுக்கல்லையும் வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுபோவார்கள். சீன் துணிகளுக்கும் பெட்டிக்கும் நடுவில் என் ஆட்டுக்கல்.

நல்ல மனுஷர். குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. வெற்றிலை மட்டும்.

இன்று கத்தரிக்காய் நன்றாக வெந்தது.

ஜனவரி 24, வெள்ளி

அரிசி ஆலைக்காரர் தன் நெல் கிடங்கை ஒத்திகைக்கு விட்டிருக்கிறார். அருணா என்னை ஆட்டோவில் கூட்டிப்போனாள். பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். நீலவேணி வேஷம் போடுகிற பெண் மட்டும் மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் திணறுகிறாள். “அடிவயித்துல இருந்து எடு, சொம்புல தண்ணி மொள்றாப்புல” என்று சொன்னேன். எடுத்தாள்.

எனக்கு நாற்காலி போட்டார்கள். சுக்கு மல்லிக் காபி. மிருதங்கக்காரர் ஒருவர் இருக்கிறார், தட்டில் கடைசியாக இருந்த முறுக்கை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். எங்கள் கம்பெனி மிருதங்கம் நடேசனும் இப்படித்தான், அறுபத்தொன்றில் என் பங்கு அப்பளத்தைத் தின்றார். அதை நான் இன்னும் விடவில்லை.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

அவருக்குப் படையல். வாழைக்காய், பலாக்கொட்டைப் பொரியல், வடை, பாயசம். காகம் கூப்பிட்டதும் வந்தது. உயிரோடு இருக்கும்போதும் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டதும் வருவார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அந்தோணி வீட்டுக்கு வந்தார். டேப்பை இருபது நாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அதில் ஒன்று அவருக்குப் புரியவில்லை.

“பாட்டி, இந்தப் பாட்டெல்லாம் ஏழு அடி ஓடுது. அப்பறம் கொஞ்ச இடம் சும்மா நிக்குது. அதுல பாட்டும் இல்ல, தாளமும் சரியா உக்காரல. வாத்தியார் அந்த இடத்தை விரலை ஓட்டிப் பெட்டியால அடைக்கிறார். ஒவ்வொரு பாட்டுலயும் அதே இடம். இப்படி யாரும் மெட்டு போட மாட்டாங்க. எதுக்காகப் போட்டார்?”

“எனக்கென்ன தெரியும் தம்பி? நான் சோறு பொங்கினவ.”

“எல்லாத்துலயும்கூட இல்ல. மூணு பாட்டுல அந்த இடம் கிடையாது. அது வேற ஆள் போட்ட மாதிரி இருக்கு.”

“எந்த மூணு?”

சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

காது இருக்கிற ஆள். அவருக்கு இரண்டு முறை காபி கொடுத்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஏழாவது பாட்டு கிடைக்காததால் அந்தோணியே ஒரு மெட்டுப் போட்டுவிட்டார். இன்று கிடங்கில் பாடிக் காட்டினார்கள். நீலவேணி ஆற்றங்கரையில் ஓடத்துக்குக் காத்திருக்கிற இடம். வார்த்தை எங்கள் கம்பெனிப் பாவலர் எழுதினது:

அக்கரையில் விளக்கெரியுது, ஆர் வீட்டு விளக்கோ
இக்கரையில் நானிருக்கேன், என் பேர் அறியாயோ

அந்தோணி மெட்டு நல்ல மெட்டுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வீட்டுப் பிள்ளைக்கு என் பிள்ளையின் சட்டையைப் போட்டுவிட்டது போல் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. முட்டி வலி என்று சொல்லி அருணாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் அருணா கேட்டாள், “அப்பத்தா, உண்மையாவே மறந்துபோச்சா?”

“ஆமாடி.”

“அப்ப ஏன் ஆட்டோவுல வர்றப்பல்லாம் முனகுற?”

இவள் அவர் ஜாடை. ஆனால் காது என் காது.

கிடங்கில் இன்னொன்றும் சொன்னார்கள். அந்த நாளில் நீலவேணியாய் நடித்த கனகாம்புஜம் திண்டுக்கல்லில் உயிரோடு இருக்கிறாராம். எண்பத்து நான்கு வயதாம். நடை, கைவீச்சு எல்லாம் சொல்லித்தரக் கூட்டி வரப்போகிறார்களாம்.

அந்த ஆள் வந்தால் நான் கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஏன் என்று எழுதிவைக்கிறேன். அறுபத்தாறு, மதுரை. அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது சேது பிறந்து இருபது நாள், போகவில்லை. மறுநாள் சால்வையோடு வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார், மேடைக்குப் பின்னால் பேச்சு வந்ததாம், கனகாம்புஜம் நாலு பேர் முன்னால், ‘வாத்தியார் சம்சாரத்துக்குச் சோறு பொங்கத்தான் தெரியும்’ என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அன்றிலிருந்து அந்த ஆள் முகத்தில் நான் விழித்ததில்லை.

இன்னொன்றும் அன்றிலிருந்துதான். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தால் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் புது நாடகம் எதற்கும் இசை போடவில்லை. கேட்டவர்களிடம், சினிமா வந்து நாடகத்தைத் தின்றுவிட்டது என்பார். அவர்களும் தலையாட்டுவார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

மலைக்குப் பிந்திப் புறப்பட்ட பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று நம் தெருவழியாகப் போனது. மங்கை அண்டா நிறைய மோர் கரைத்து வைத்தாள். இஞ்சி கொஞ்சம் தூக்கல். ஒரு காவடிக்காரர், “ஆத்தா, நீங்களும் அவன் பேரைச் சொல்லுங்க, அரோகரா போடுங்க” என்றார். அரோகரா மட்டும் போட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நான் போகவில்லை. அந்த ஆள் வந்துவிட்டார்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் கார் நின்றது. நிறைமதி கைபிடிக்க, வெள்ளைச் சேலை, கண்ணாடி, கைத்தடியோடு இறங்கினார். இடுப்பு வளைந்துவிட்டது. மூக்குத்தி மட்டும் அதே மூக்குத்தி, எட்டுக்கல், பேசரி.

“வாத்தியாரம்மா, கிடங்குக்கு வரமாட்டேன்னீங்களாம். அதான் நானே வந்தேன். உக்காரச் சொல்லுவீங்களா, இல்ல நின்னுக்கிட்டே செத்துப்போகவா?”

“உக்காருங்க” என்றேன். வேறு என்ன சொல்வது? எண்பத்து நான்கு வயது.

நிறைமதியைத் தண்ணீர் கொண்டுவர உள்ளே அனுப்பிவிட்டு, அந்த ஆள் என்னையே பார்த்தார்.

“என் மேல உங்களுக்கு என்ன கோவம்? அம்பத்தொம்பது வருஷமா யோசிச்சிட்டேன். வாத்தியார் காரியத்துக்கு வந்தப்பகூட என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு உள்ள போனீங்க. நான் உங்க வூட்டுப் பக்கம் தப்பா ஒரு எட்டு வச்சதில்ல. சாமி சத்தியம்.”

“அதெல்லாம் நான் நெனைக்கவே இல்ல.”

“பின்னே?”

“மதுரையில, மேடைக்குப் பின்னாடி, எனக்குச் சோறு பொங்கத்தான் தெரியும்னு நாலு பேர் முன்னால சொன்னீங்கல்ல?”

அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

“யார் சொன்னா உங்ககிட்ட?”

“அவர்தான்.”

அந்த ஆள் விழித்தார். மாட்டிக்கொண்டவர்கள் விழிக்கிற விழி எனக்குத் தெரியும். இது அதில்லை. சொல்லலாமா வேண்டாமா என்கிற விழி.

“வாத்தியாரம்மா, அன்னிக்கு மூணு மாலை போட்டாங்க அவருக்கு. நான் சொன்னேன், ‘வாத்தியாரே, அதுல ஒண்ணை வூட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் போடுங்க. ஓடக்காரப் பாட்டு அவங்க போட்டதுதானே. நானே தண்ணி குடிக்க வந்தப்பப் பார்த்தேனே. அவங்க ஆட்டிக்கிட்டே பாட, செவுத்துக்கு இந்தப் பக்கம் நீங்க பெட்டியில பிடிச்சுக்கிட்டு, இன்னொருக்கச் சொல்லு, இன்னொருக்கச் சொல்லுன்னீங்க’ன்னு சொன்னேன். நாலு பேர் இருந்தாங்க. அவருக்கு முகம் செத்துப்போச்சு. அப்பறம் சிரிச்சுக்கிட்டே, ‘அவளுக்குச் சோறு பொங்கத்தான் தெரியும்’னார். அவங்க எல்லாம் சிரிச்சாங்க.”

“நீங்க?”

“நான் சிரிக்கல. அதுக்கப்பறம் அந்தப் பாட்டை அவர் என்னைப் பாடவிடல. நாடகத்துல இருந்தே எடுத்துட்டார்.”

அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் இறக்கினேன். காபி கலந்தேன். டவராவில் ஊற்றிக் கொண்டுவந்து கனகாம்புஜம் அக்கா கையில் கொடுத்தேன்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை போட மறந்துட்டீங்க” என்றார்.

எனக்கு மறதி வந்த முதல் நாள் இது.

பிப்ரவரி 14, வெள்ளி

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். நாலு கட்டு.

பிப்ரவரி 15, சனி

இன்று அவர் படத்துக்குப் பூ வைக்கவில்லை. மங்கை கவனித்தாள். அவளே வைக்கப் போனாள். “இருக்கட்டும்” என்றேன். சரியென்று பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நல்ல பெண். செம்பை நெளித்தது பெரிய விஷயமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொல்லையில் அந்த ஆட்டுக்கல் இன்னும் இருக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு மங்கை அதன் குழியில் கற்பூரவல்லி வைத்திருந்தாள். செடியைத் தொட்டிக்கு மாற்றச் சொன்னேன். சேது கல்லைக் கழுவிவிட்டான். ஒரு படி அரிசி ஊறப்போட்டிருந்தேன். அருணாவை விட்டு நிறைமதியையும் அந்தோணியையும் அக்காவையும் வரச்சொன்னேன்.

“உக்காந்து பாடச் சொன்னா எனக்கு வராது தம்பி. கை சுத்தினாத்தான் வாய் வரும்” என்றேன். முட்டி மடங்காது, பலகை போட்டு உட்காரவைத்தார்கள். குழவியைப் பிடித்தேன்.

ஏழு சுற்றுச் சுற்றினால் மாவு ஓரத்தில் ஏறிவிடும். குழவியை நிறுத்தி, கையால் வழித்து, குழிக்குள் தள்ளவேண்டும். பிறகு மறுபடி ஏழு. அப்படித்தான் பாடினேன். அக்கரையில் விளக்கெரியுது என்று ஏழு சுற்று. நிறுத்தம், மாவைத் தள்ளினேன். ஆர் வீட்டு விளக்கோ என்று மறுபடி ஏழு. ஐம்பத்தொன்பது வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்த பாட்டு. குரல் கிழிந்துதான் போயிருக்கிறது, மெட்டில் ஒரு நூல் விலகவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்தோணி பெட்டியைத் திறக்கவே இல்லை. கையில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.

“அந்த இடம்” என்றார். “அந்த இடம் மாவு தள்ற இடமா?”

“ஆமா. அதை அவர் பெட்டியால அடைச்சார். அங்க சத்தம் போட்டா மாவு எப்படித் தள்றது?”

நிறைமதிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதெல்லாம் பிடிக்காது. “அழுதுகிட்டு நிக்காத, அந்தத் தண்ணியை எடுத்து ஊத்து, மாவு கெட்டியாப் போச்சு” என்றேன். ஊற்றினாள்.

சேது கிணற்றடியில் நின்றிருந்தான். “ஏம்மா, எங்ககிட்டகூடச் சொல்லல?” என்றான்.

“நீ கேக்கல.”

“எனக்கு எப்படிம்மா கேக்கணும்னு தெரியும்?”

அதுவும் சரிதான்.

கனகாம்புஜம் அக்கா மாவைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். “பதம் மாறவே இல்ல வாத்தியாரம்மா” என்றார். சாயங்காலம் எல்லோருக்கும் புளிக்காத மாவிலேயே தோசை. அக்கா நாலு சாப்பிட்டார், அந்தோணி ஒன்பது.

பிப்ரவரி 17, திங்கள்

நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கவேண்டுமாம். நிறைமதி தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

“இசைன்னு யார் பேர் போடட்டும் பாட்டி? நீங்க சொல்றதுதான்.”

சேது வாசலில் நின்று செருப்பைத் தேடுவது போல் தேடிக்கொண்டிருந்தான். அவன் அப்பா பெயர் அது. அவன் பள்ளிக்கூடம் முதல் ஆபீஸ் வரைக்கும் ‘மெட்டு மன்னர் மகன்’ என்று சொல்லி வளர்ந்தவன். அது எனக்குத் தெரியாதா?

“பன்னெண்டுல மூணு அவரோடது. அந்தோணி தம்பி கண்டுபிடிச்சாரே, அந்த மூணு. ராஜசபைப் பாட்டு, சண்டைப் பாட்டு, மங்களம். மூணும் நல்ல மெட்டு. அதுக்கு அவர் பேரைப் போடு. மத்த ஒம்பதுக்கும் சிவபாக்கியம்னு போடு.”

“பட்டம் எதாச்சும் போடலாமா, இசையரசின்னு?”

“சோறு பொங்குறவன்னு போடு.”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள். வெறும் சிவபாக்கியம், போதும்.

சேதுவுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது. அது அவன் காலில்தான் இருந்தது. உள்ளே வந்து, “நோட்டீஸ் எனக்கு ஐந்நூறு வேணும், ஆபீஸ்ல குடுக்கணும்” என்றான். அவனுக்கும் நாள் வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கெல்லாம் கிடங்கு நிறைந்துவிட்டது. தரையில் ஜமுக்காளம், பின்னால் நாற்காலி. நான் கத்தரிப்பூக் கலர் பட்டு கட்டிக்கொண்டேன். கனகாம்புஜம் அக்கா எனக்குப் பக்கத்தில்.

ஏழாவது பாட்டு வந்தது. அந்தப் பெண் ஆற்றங்கரையில் நின்றாள். அக்கரையில் விளக்கெரியுது. நின்றாள். அந்தோணி பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். மிருதங்கமும் இல்லை. அத்தனை பேர் இருக்கிற கிடங்கில் ஒரு சத்தம் இல்லை. என் இடது கை என்னை அறியாமல் மடியில் மாவு தள்ளியது. அக்கா பார்த்துவிட்டு என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

ஆர் வீட்டு விளக்கோ.

ஒன்ஸ் மோர் கேட்டார்கள். மறுபடி பாடினாள். மறுபடியும் கேட்டார்கள்.

முடிவில் என்னை மேடைக்கு ஏற்றினார்கள். சேதுதான் கைபிடித்தான். ஒரு மாலை போட்டார்கள், ரோஜாவும் மரிக்கொழுந்தும். கனமான மாலை. கழுத்து வலித்தது. கழற்றவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் எழுந்ததும் பசித்தது. மூன்று இட்லி சாப்பிட்டேன். மாலையைக் கொல்லையில் ஆட்டுக்கல் மேல் போட்டு வைத்திருக்கிறேன். அவர் படத்துக்குப் பூ வைத்தேன். பூ வேறு, இது வேறு. அமாவாசைக்குப் படைப்பேன், பாயசம் வைப்பேன், அதிலெல்லாம் குறைவைக்க மாட்டேன்.

இந்த நோட்டு இன்று நிறைமதி கைக்குப் போகிறது. அதனால் மனசில் இருக்கிறவற்றைச் சுத்தம் செய்துவிடுகிறேன். அப்பளம் தின்ற நடேசனை விட்டுவிட்டேன். கிழிந்த சேலையைப் புதுசென்று கொடுத்த நாத்தனாரை விட்டுவிட்டேன். செம்பை நெளித்த மங்கையை அன்றைக்கே விட்டுவிட்டேன். மேடைக்குப் பின்னால் சிரித்த அந்த நாலு பேர் யாரென்று அக்கா சொன்னார், அவர் சொன்னதை நம்பித்தான் சிரித்திருப்பார்கள், அவர்களையும் விட்டுவிட்டேன். கனகாம்புஜம் அக்காவிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் திண்டுக்கல்லுக்கு வரச் சொல்லியிருக்கிறார், நாலு நாள் தங்கப் போகிறேன்.

மெட்டை எடுத்துக்கொண்டதுகூடப் பெரிதில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். தான் சொன்னதை இன்னொருத்தி சொன்னதாக வந்து சொல்லி, ஐம்பத்தொன்பது வருஷம் எனக்கு ஓர் அக்காவை இல்லாமல் செய்தாரே, அதைத்தான் விட முடியவில்லை. இதை நான் வருத்தத்தோடு எழுதவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிவாக எழுதுகிறேன். ஒருவரை மட்டும் மன்னிக்கப்போவதில்லை. யாரென்று படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதால், இத்தனை வருஷம் எழுதாத பெயரை எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்.

பழனிவேல்.